ஒரு வருட வித்தியாசம்

எல் ஆல்ட்டோ சந்தை. ஞாயிறு, காலை ஏழு மணி.
பிப்ரவரி மழை அப்போதுதான் நின்றிருந்தது.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஜீப்புகள்.
ஒரே வெள்ளை, ஒரே உயரம்.
ஒன்று இரண்டாயிரத்து ஆறு, மற்றது ஏழு.
நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடத்துக்கு
மூவாயிரத்து இருநூறு டாலர் கேட்டார்
தோன் எலூத்தேரியோ.

ஏன் என்றால் கணக்குச் சொல்கிறார்:
முகப்பு மாறியிருக்கிறது பார்.
பின்விளக்கு ஒன்றாக இருந்தது, இரண்டாயிற்று.
கோப்பை வைக்க ஒரு குழி கூடுதல்.
பழையதில் உன் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே
வெறும் கம்பி. இதில் கணினி.
நீ மிதித்தால் அது யோசித்துவிட்டுத்தான் செய்யும், அம்மணி.

யோசிக்கிற வண்டி எனக்கெதற்கு?
உயுனியில் பன்னிரண்டு வருடம்
அடுத்தவர் வண்டி ஓட்டியவள் நான்.
உள்ளே ஆறு பிரெஞ்சுக்காரர்கள், கூரையில் டீசல் கேன்,
காலடியில் உருளும் சமையல் சிலிண்டர்.
மலைமேல் காற்றே இல்லாத இடத்தில் கியர் மாற்றும்போது
யோசனை என் வேலை.

ஆனால் அந்தக் குழி பிடித்திருந்தது.
சிரிக்காதீர்கள்.
பன்னிரண்டு வருடமும் கோக்கா டீயைத்
தொடையிடுக்கில் வைத்தே ஓட்டியிருக்கிறேன்.
கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன்.
அளவெடுத்த மாதிரி இருந்தது.

"ஒரே ஓனர். கோச்சபாம்பா டாக்டர்.
வீடு, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி, வீடு.
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு."
கிலோமீட்டர் முள்ளும் அதற்கு ஒத்து ஊதியது.

பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அடியில் புகுந்தேன்.
சேஸிஸ் புதுக் கறுப்புப் பெயின்டில் மினுங்கியது,
கடன் கேட்க வந்தவன் கழுவிய முகம்போல.
பிரஷ் எட்டாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும்,
பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தின் உள் ஓரம்.
சுண்டுவிரலால் சுரண்டி
நாக்கில் வைத்தேன்.

உப்பு.

குழம்பில் போடுகிற உப்பல்ல.
மழை மாதத்தில் வெள்ளைப் பாலையில் நீர் நிற்கும்,
வானத்தின் மேல் நிற்கிறோம் என்று
பயணிகள் படம் பிடிப்பார்கள்,
அப்போது சக்கரம் வாரியடிக்கும் உப்பு.
கடைசியில் ஒரு கசப்பு இருக்கும்.
என் சம்பளத்தின் ருசி எனக்குத் தெரியாதா.

வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு கேட்டேன்:
"டாக்டரின் ஆஸ்பத்திரி கடலுக்குள் இருந்ததா, தோன்?"

எங்கள் நாட்டுக்குக் கடலே கிடையாது.
வருடம் ஒரு நாள் அதற்காக ஊர்வலம் போகிறவர்கள் நாங்கள்.
அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்,
பதிலை அங்கே வைத்திருந்த மாதிரி.

பழையதின் அடியிலும் போனேன்.
சிவப்பு மண். காய்ந்த புல்.
செத்த வெட்டுக்கிளி ஒன்று.
கிழக்குத் தாழ்நிலத்தில் மாடு விரட்டிய வண்டி.
இடது கதவு மட்டும்
இரண்டு முறை அறைந்தால்தான் மூடும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
உப்பைத் தின்ற இரும்பு எதுவும் கேட்காது.
சத்தமில்லாமல் காகிதமாகும்,
ஒரு பள்ளத்தில், ஒன்பது பேரோடு.

ஆறை வாங்கினேன்.
தங்கை புருஷன் வால்தெர் நான்கு சக்கரத்துக்கும் பீர் ஊற்றினான்.
பானட்டில் வண்ணக் காகிதம் தூவினான்.
மீதி பீரை அவனே குடித்தான்.
போகும்போது ஏழின் கோப்பைக்குழியை
ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

ஓரூரோ. சல்லாப்பாட்டா. இருட்டு.
தொடையிடுக்கில் டீ.
வழி முழுக்க இடது கதவு விசிலடித்தது.

திங்கள் காலை நான்கு பிரேசில்காரர்கள்.
கணுக்கால் ஆழத் தண்ணீர், அதில் மேகம்.
முதல் கியரில், நடைவேகத்தில், இறக்கினேன்.
அடியில் சளக் சளக்கென்று
அது வண்டியை நக்கத் தொடங்கியது.

மாலையில் கழுவினேன். அடியில் டீசல் தடவினேன்.
இங்கே எல்லோரும்தான் கழுவுகிறோம்.
மூன்று சீசன் போகும், அல்லது நான்கு.
பிறகு ஒரு ஞாயிறு
கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு
இதையும் எல் ஆல்ட்டோவுக்கு ஓட்டிப்போவேன்.

டாக்டர் வேண்டாம், எல்லோரும் சொல்வது.
பல் வைத்தியர்?
கன்னியாஸ்திரீகள் வைத்திருந்தது என்றால்
குனிந்து பார்க்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.