ஒரு நூல்

பெருமாநல்லூர் ரோட்டு மைதானம்.
டையிங்குக்கும் நிட்டிங்குக்கும் இறுதியாட்டம்.
பிஜய் அடித்தது வலைக்குள் கிடக்கிறது,
என் வாயில் ஊதாத விசில்.

துணிமூட்டை மேல் டிவி.
அதன்முன் செக்கிங் துளசிமணி,
பகலெல்லாம் பனியனில் ஓட்டை தேடுகிறவள்.

ஓட்டினாள். நிறுத்தினாள். பின்னால் இழுத்தாள்.
வெயிலில் கூட்டம் கத்துகிறது:
"ஏனுங், கோலா இல்லீங்களா,
சட்டுனு சொல்லிப்போட்டு வாங்க!"

"பெருவிரல் ஒரு நூல் முன்னால இருக்குதுங்க சார்."

ஒரு நூல்.
அதற்கே இந்த ஊரில்
கண்டெய்னர் திரும்பி வந்திருக்கிறது.

கொடியைத் தூக்கச் சொன்னேன்.
பிஜய் திரையருகே வந்து
தன் பெருவிரலையே பார்த்து நின்றான்,
வேறு யாருடையதோ போல.
பிறகு, அவனுக்கு வந்த தமிழில்:
"முதல் பாதியில் தள்ளினான்ல,
அதையும் காட்டு அக்கா."

துளசிமணி என்னைப் பார்த்தாள்.
அந்த மூலைக்கு
நாங்கள் கேமரா வைக்கவில்லை.