திரு. அரசு

பிளெக்ஸ் அடித்தவன்
என் தம்பி பெயரின் நடுவில் ஒரு புள்ளி வைத்துப்
பிளந்துவிட்டான்.
திருவரசு நினைவு ஓவியப் போட்டி
திரு. அரசு நினைவு ஓவியப் போட்டி ஆகிவிட்டது.

காலை எட்டு மணிக்கே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்:
கவர்ன்மெண்ட் போட்டியாங்க?
சர்ட்டிபிகேட் காலேஜ் சீட்டுக்குச் செல்லுமா?
ஒருத்தர், தலையில் இருந்த கூடையை இறக்காமலே,
"அரசு எப்ப செத்துச்சு?" என்றார்.
சிரித்துவிட்டேன்.
அவன் இருந்திருந்தால்
இதைச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டியிருப்பான்.

முதுநகர் நகராட்சிப் பள்ளி. மூன்றாவது வருடம்.
நூற்றுப் பதினேழு பிள்ளைகள்.
தலைப்பு: நம் துறைமுகம்.
கடலூரில் கண்ணுக்கெட்டியவரை மலை கிடையாது;
ஆனாலும் பாதிப் பேர்
இரண்டு மலைக்கு நடுவில் சூரியனை வைத்துவிட்டுத்தான்
கடலுக்கே வந்தார்கள்.

தம்பி படகுகளுக்கு எண் எழுதினான்.
பெயரும் எழுதுவான். கேட்டால் ஒரு மீனும்.
அது பகலில்.
ராத்திரியில் ஐஸ் கம்பெனி ரசீதுகளின் பின்பக்கத்தில்
என்னவோ வரைந்துகொண்டே இருப்பான்.
நான் பார்த்ததில்லை.
கண்ணில் பட்டிருக்கிறது; பார்த்ததில்லை.
லைட்டை அணைடா, கரண்ட் பில்லு யாரு கட்டறது,
இதைத்தான் சொல்லியிருக்கிறேன்
பதினோரு வருடம்.

சித்திரையில் கன்னிக்கோயில் வளைவில்
வண்டியோடு போனான்.
கார்த்திகையில் உப்பனாறு வீட்டுக்குள் வந்து
கட்டிலுக்கு அடியில் இருந்த
இரண்டு அட்டைப் பெட்டிகளையும்
கூழாக்கிவிட்டுப் போனது.
படகுகளைச் சொல்லவே வேண்டாம்.
மறு தடைக்காலம் முடிவதற்குள்
அவன் எழுத்தின்மேல் வேறொருவன் எழுத்து.
ஆக, நினைவுப் போட்டி நடத்துகிற எங்களிடம்
அவன் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை.

இதை மேடையில் சொல்வதில்லை.
மேடையில் அவன் "ஓவியக் கலைஞர்".
ஐஸ் கம்பெனி முதலாளி இரண்டாம் பரிசு தருகிறார்.
அவருக்குத் துண்டு போர்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்கிறது.
தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டேன்:
"என்னடா, படகைவிட நங்கூரம் பெருசா இருக்கு,
முழுகிடாதா?"
அவன் ஏதோ சொன்னான்.
சட்னிக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்குத் தாள்களை வாங்கினோம்.
எண் எண்பத்து நாலு. ர. யாழிசை, இரண்டாம் வகுப்பு.
தாள் முழுக்க ஒரு நங்கூரம்,
கறுப்புக் கிரேயான் தீரத் தீரத் தேய்த்தது.
மூலையில் கட்டெறும்பு அளவுக்குப் படகு.

மஞ்சக்குப்பம் டிராயிங் மாஸ்டர்
"அளவே தெரியலை" என்று
அதைக் கட்டின் அடியில் செருகினார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நடத்துகிறவர்கள் தேர்வில் தலையிடக் கூடாதென்று
முதல் வருடமே விதி எழுதியது நான்தான்.

பரிசளிப்பு முடிந்து
லெமன் சாதப் பொட்டலத்தோடு பிள்ளைகள் கலைகையில்
அவளைத் தேடிப் பிடித்தேன்.
கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை.
பேனாவை நீட்டினேன். வேண்டாம் என்றாள்.
"நங்கூரம் ஏம்மா இவ்ளோ பெருசு?"
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
இதுகூடத் தெரியாமலா போட்டி நடத்துகிறாய் என்பதுபோல்.
"சின்னதா போட்டா படகு போயிடும்ல."

ஓடிவிட்டாள்.
மிக்ஸி நின்ற மாதிரி இருந்தது.

நாலு மணிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும்.
பெஞ்சுகளை எண்ணினோம், ஒன்று குறைந்தது,
பிறகு மாடிப்படிக்குப் பின்னால் கிடைத்தது.
பிளெக்ஸ்காரன் போன் செய்தான்:
"அக்கா, ஒரு புள்ளி விழுந்துடுச்சு,
அடுத்த வருஷம் சரியாப் போட்டுத் தரேன்."
இருக்கட்டும் என்றேன்.

யாரும் திரும்பக் கேட்காத தாள்கள் அறுபது இருக்கும்.
ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
எண்பத்து நாலு மேலாக.
கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறது என்றார் இவர்.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்,
பரணுக்கு.