கரைக்கு இறங்குகிற நாள்

விடிய நாலரைக்கே எழுப்பிவிட்டீர்கள்.
பாசையூர்த் தெருவில் மீன் லொறி மட்டும் முழித்திருந்தது.
என் தோளில், சேலைக் கரைக்குச் சற்று மேலே,
வட்டமாக ஒன்றை ஒட்டினீர்கள்: பதினேழு.
பெனடிக்ற் என்ற பெயரை 'பென்' என்று நறுக்கி
அவர்கள் குத்திவிட்ட அதே நெஞ்சில்
உங்களுக்கும் ஒரு பதினேழு.
கரைக்கு இறங்குகிற ஆட்களுக்கு
கப்பலில் இப்படித்தான் ஒட்டுவார்களாம்.
மிஞ்சிய தாள் ஒன்று
ஒன்பது வருஷமாக உங்கள் பெட்டியின் அடியில்.

"பதினேழாம் பஸ் எங்கே?" என்றேன்.
குறிகட்டுவான் பஸ் வந்தது.
நின்றுகொண்டே போனோம்.

புங்குடுதீவுப் பாலத்தின் இரண்டு பக்கமும்
முழங்கால் அளவுக் கடல்.
களங்கண்டித் தடிகளில் நீர்க்காகங்கள் செட்டை உலர்த்தின.
"அங்கே எண்ணூறு அடி ஆழம்," என்றீர்கள்.
"இங்கே இறங்கி நடக்கலாம்," என்றேன்.

படகில் ஏறியதும் பழக்கதோஷம் உங்களை
நேரே கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோனது,
என்ஜின் பக்கம், சீமெந்து மூட்டைக்கும்
காஸ் சிலிண்டருக்கும் நடுவில்.
கையைப் பிடித்து மேலே இழுத்தேன்.
இஞ்சாருங்கோ, இன்றைக்கு நீங்கள் பயணி.
பயணி தன் கைகளை எங்கே வைப்பான் என்று
உங்களுக்குத் தெரியவில்லை.
மடியில் வைத்தீர்கள். எடுத்தீர்கள்.
ஆரோ ஒரு மனிசியின் பையைத் தூக்கிக் கொடுத்தீர்கள்.
கடைசியில் ஒரு கயிறு கிடைத்தது.

நெடுந்தீவில் மலை இல்லை.
இடுப்பளவுக்கு அடுக்கிய கல்வேலி,
அதற்கு மேலே உடனே வானம்.
பெருக்கமரப் பொந்துக்குள் நின்று
ஒருவரை ஒருவர் படம் எடுத்தோம்;
இருட்டில் எண்கள் மட்டும் விழுந்தன.
"அருவி எங்கே?" என்று பகிடிக்குக் கேட்டேன்.
தண்ணீர்க் குழாயடியைக் காட்டினீர்கள்:
நீலக் கான்கள் ஏழு, வரிசையில்,
நூல் மாதிரித் தண்ணீர்.
"அங்கேயும் ஏழு ஓட்டம்தான். ஏழு சகோதரிகள் என்பார்கள்."
கானோடு நின்ற ஒருத்தி உங்களை முறைத்தாள்.

பூவரச நிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது,
என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.
"அந்தப் படங்கள் ஒன்றும் நான் இறங்கி எடுத்தவை இல்லை, யசிந்தா.
பதினாறு அறை எனக்கு.
ஆட்கள் கரைக்குப் போன பிறகுதான் படுக்கை மாற்றலாம்.
கப்பலின் மூக்கில் ஒரு கமெரா இருக்கும்,
அறை ரிவியில் மலை ஓடும்.
அதைத்தான் எடுத்து அனுப்பினேன்."

எனக்குத் தெரியும்.
முதல் படத்திலேயே தெரியும்.
பச்சைத் தண்ணீருக்கும் பனிக்கும் குறுக்கே,
ரிவிக் கண்ணாடியில்,
தலையணை உறையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒரு மனிசன்.
மலையை ஆர் பார்த்தது?
இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து
அவனைத்தான் பார்த்தேன்:
மெலிந்துவிட்டானா, சவரம் செய்தானா,
மோதிரம் விரலில் கிடக்கிறதா.

"அப்ப ஏன் சொல்லவில்லை?"
சொல்லியிருந்தால்
அடுத்த படத்தில் விலகி நின்றிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.
என் ஈரத் துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினீர்கள்.
அங்கே அன்னம், யானை, குரங்கு,
ஒவ்வொரு கட்டிலிலும் இரவுக்கு ஒன்று.
குதிரையை ஆரும் கேட்டதில்லையாம்.
நாலு காலும் வந்தன, நிற்கத்தான் மாட்டேன் என்றது.
வெளியில் மேய்ந்த அசல் குதிரைகளில் ஒன்று
நிமிர்ந்து பார்த்துவிட்டுப்
புல்லுக்குத் திரும்பியது.

"கப்பல் ஆருக்கும் நிற்காது" என்று
என்னை இறங்குதுறைக்கு ஓடவைத்தீர்கள்.
படகு நின்றது, முக்கால் மணித்தியாலம்,
ஆரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளை ஏற்றுவதற்காக.

திரும்பி வரும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது.
வாய் திறந்தபடி என் தோளில் நித்திரை.
வல்லன் சந்தியில் ஒரு குலுக்கு;
நிமிர்ந்தபோது என் பதினேழு
உங்கள் கன்னத்தில்.
நான் உரிக்கவில்லை.
கொண்டக்டர் உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இரண்டு," என்றேன்.