கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஏப்ரன்களுக்குப் பொறுப்பு நான்.
இருந்தது நாற்பது, வந்தவர்கள் தொண்ணூறு பேர்.
சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
ரப்பர் அங்கியோடே வந்துவிட்ட பெண்களுக்கு மட்டும்
என் தயவு தேவைப்படவில்லை.

சிலோயே தீவில் அக்டோபர் என்றால் வசந்தம்.
நாட்காட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
பள்ளி ஜிம்மின் தகரக் கூரைமேல்
காலை ஒன்பதிலிருந்து
மூட்டை மூட்டையாய் உருளைக்கிழங்கைக்
கொட்டிக்கொண்டிருந்தது மழை.

கூடைப்பந்து வளையத்தில் தொங்கியது
ஆறாம் வகுப்பின் காகிதத் திமிங்கலம்.
முந்தின நாள் யாரோ மிதித்துவிட்டதால்
வால் மட்டும் வேறு நீலம்.
சுவரில் மாணவர் ஓவியங்கள்:
எட்டுப் படங்களில் ஒரே எரிமலை.
ஒன்பதாவதின் தலைப்பு ‘அப்பாவின் பல்செட், டம்ளரில்’.
கூட்டமெல்லாம் அதன் முன்னால்தான்.
பல்லுக்குச் சொந்தக்காரர்
வாயைத் திறக்காமல் நின்றிருந்தார்.

அச்சுப் பட்டறை நடத்த
வால்பராய்சோவிலிருந்து வந்தவர் ஃபெர்மின்.
மெல்லிய குரல்.
ஆளுக்கொரு லினோலியத் துண்டும் உளியும் கொடுத்து
முக்கியமான ஒன்றைச் சொன்னார்.
சொன்னேன் என்று பிறகு சத்தியம் செய்தார்.
மழை அதைத் தின்றிருந்தது.

ஓவிதியோ தன் படகின் பெயரைச் செதுக்கினார்: பிடிவாதக்காரி.
யாஸ்னா, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு
இன்னும் முடிவாகாத பெயரை.
பேக்கரிக்காரர், ‘இன்று ரொட்டி உண்டு’.

மை உருட்டி, தாள் பரப்பி,
கரண்டியின் முதுகால் தேய்த்து
ஓரத்தைப் பிடித்து உரித்தால்
அத்தனை பெயர்களும்
நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.
ரொட்டி இல்லை என்கிறதா உண்டு என்கிறதா
பேக்கரிக்காரருக்கே தெரியவில்லை.
ஜிம் முழுக்கச் சிரிப்பு.
அன்று முதல்முறையாக மழை தோற்றது.

நயாரெத்துடையது மட்டும் நேராக வந்திருந்தது.

ஏழு வயது, இடக்கை.
அவள் நோட்டில் எழுத்துகள்
எப்போதும் வலமிருந்து இடமாகத்தான் நடக்கும்.
பக்கத்துக்குப் பக்கம்
அம்மை போட்டது போலச் சிவப்பு வட்டங்கள்.
தாளைத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.
“தப்பாக வந்துவிட்டது” என்றாள்,
“இன்னொரு துண்டு கிடைக்குமா?”

அந்த வட்டங்களைப் போட்ட ஓர்ஃபெலினா டீச்சர்
அதே மேசையில்தான் இருந்தார்,
முதுகைக் காட்டும் தன் பெயரைக் கையில் பிடித்தபடி.
இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.
பேச வாயெடுத்து, பேசாமல்,
புது லினோலியத் துண்டு ஒன்றை
அவள் பக்கம் நகர்த்தினார்.
“எனக்கும் எழுதித் தா.”

அதற்குப் பிறகு வரிசை.
பென்சிலால் அவள் எழுத, பெரியவர்கள் செதுக்கினார்கள்.
ஓவிதியோ மட்டும் மாட்டேன் என்றார்;
படகுக்கு வைத்த பெயர் அப்படி.
பதினோரு பெயர் முடித்ததும்
அவளுக்கு அலுத்துப் போய்விட்டது.
கதவோரம் ஈரத்தோடு படுத்திருந்த நாயைப் பார்க்கப் போனாள்.
பன்னிரண்டாவது ஆளாக நின்றது நான்.

சுவரில் இடமில்லை.
அச்சிட்ட மெல்லிய தாள்களை
ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டினோம்.

ஆறு மணிக்குக் குப்பைப் பையோடு வெளியே வந்தேன்.
உள்ளே யாரோ தரை துடைக்கிறார்கள்,
விளக்கு எரிகிறது.
திரும்பிப் பார்த்தால்
பிடிவாதக்காரி நேராக இருக்கிறாள்.
இன்று ரொட்டி உண்டு.
யாஸ்னாவின் பிள்ளைக்குப் பெயர் முடிவானது போலத் தெரிகிறது.
நயாரெத்தும், அவள் எழுதிக் கொடுத்த பதினொன்றும்
வரிசையாக
வலமிருந்து இடமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவள், அவள் அப்பாவோடு.
ஜன்னல் ஜன்னலாக உரக்கப் படித்துக் காட்டினாள்.
தன் பெயர் வந்த இடத்திலும் தடுக்கவில்லை,
படித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மழைக்கோட்டுக்குக் கீழே மையோடு தொங்கியது
நாற்பதாவது ஏப்ரன்.
நான் கேட்கவில்லை.