மூன்றாம் வரியில் ஒரு 'தானே'

காலை ஆறு இருபதுக்கு
கொட்டடி ஒழுங்கைக்குள் திரும்புகிறது
என் பிழை.
மூன்று சில்லில்,
கூரையில் ஒரு ஒலிபெருக்கியோடு,
கண்ணாடிப் பெட்டி நிறையப் பாணும் பணிசுமாக.

நான் எழுதியவற்றில்
ஊர் கேட்பது இது ஒன்றைத்தான்.
மற்ற நாற்பத்திரண்டும் கொப்பியில் கிடக்கின்றன.
ஒவ்வொன்றையும் ஏதோவொரு வரியில்
கைவிட்டு வந்திருக்கிறேன்,
பஸ் வந்ததும் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு
எழும்புவதுபோல.

இது மட்டும் முடிந்தது.
பேக்கரி இருதயராசா
வெள்ளிக்கிழமைக்குள் வேணும் என்றதால் முடிந்தது.
நாலு வரி. ஐயாயிரம் ரூபாய். ஒரு பட்டர் கேக்.
மூன்றாம் வரியில் மெட்டு நீண்டுபோய்
இரண்டு அசைக்கு இடம் வெறுமையாய்க் கிடந்தது.
'தானே' என்று ஒரு சொல்லைத் திணித்து
ஓட்டையை அடைத்தேன்.

*சூடாய் வருவது எங்கள் பாண் தானே*

யாருக்கு அந்தத் 'தானே'?
இல்லையென்று யார் சொன்னது?

பின்னேரங்களில் கணக்கு ரியூசன்.
கழித்தலில் கடன் வாங்கியதை மறந்த யதுசனின் கொப்பியில்
சிவப்பு வட்டம் போட்டு
'திரும்பச் செய்' என்று எழுதுகிறேன்.
எனக்கு அப்படி எழுதப் பக்கம் இல்லை.
அது ஓடிக்கொண்டிருக்கிறது.
ஓட்டுமடம் வரை போய்த்
திரும்பியும் வருகிறது.

முதல் மாதம் தலையணையால் காதைப் பொத்தினேன்.
அடுத்த மாதம்
சரியாக மூன்றாம் வரிக்குக் குழாயைத் திறந்துவிட்டுப்
பாத்திரம் கழுவினேன்.
தண்ணி பில் வந்தது.

பிறகு போய்க் கேட்டேன்.
காசு வேண்டாம், மாத்தி எழுதித் தாறன்.
இருதயராசா மாப்படிந்த கையைக்
காற்சட்டையில் துடைத்தார்.
"எதை மாத்தப்போறியள்?"
சொன்னேன்.
வரியை மெதுவாய் ஒருக்கால் பாடிப் பார்த்தார்.
இன்னொருக்கால்.
"ஓம், கொஞ்சம் இழுபடுதுதான்."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்பார்,
நான் மறுத்துப் பேசலாம் என்று
வழியெல்லாம் ஆயத்தமாய் வந்திருந்தேன்.
காது சுட்டது.

"ஆனா மிஸ், இனி மாத்தேலாது.
சனம் அதுக்குத்தான் கதவு திறக்குது."

நேற்று வண்டி வரவில்லை.
ஆறு இருபது. ஆறரை.
ஒழுங்கையில் மூன்று பேர் கையில் காசோடு,
ஒருவரையொருவர் பார்க்காமல்.
நான் அடுப்படியில்
குழாயில் கை வைத்தபடி.
வரவேயில்லை என்றதும் நானே பாடினேன்,
'தானே' இல்லாமல்.
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல் இருந்தது.
வேறு சொல் போட்டுப் பார்த்தேன்.
தேனே. சீ.
மானே. பாணுக்கா?
ஐந்தாவதாய் ஒன்று வந்தது.
நல்ல சொல். பாணோடு ஒட்டாது.
கொப்பியைத் தேடியெடுத்தேன்,
ஈரக் கையோடு.
பதினேழாம் பாட்டு நின்றுபோயிருந்த இடத்தில்
அது போய் இருந்துகொண்டது.
அதற்கடுத்த வரி சரிவரவில்லை.
பத்து மணி வரை சரிவரவில்லை.
ஆனால் சரிவராத இடம்
இப்போது ஒரு வரி கீழே.

இன்றைக்கு வண்டி வந்தது.
செபரத்தினத்துக்குக் காய்ச்சலாம், விட்டுவிட்டதாம்.
முதல் வரி. இரண்டாம் வரி.
குழாயைத் திறக்காமல்
படலையைத் திறந்துகொண்டு போனேன்.
ஒரு றாத்தல் பாண், இரண்டு பணிஸ்.
தலைக்கு மேலே கூரையில்
இழுபட்டுக்கொண்டு போனது என் மூன்றாம் வரி.

பாணைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது,
ஆறிப்போயிருந்தது.
இத்தனை மாதமும் ஒருநாளாவது
தொட்டுப் பார்த்திருக்கிறேனா?

"சூடில்லையே," என்றேன்.
மிச்சக் காசை எண்ணியபடி,
நிமிர்ந்தும் பார்க்காமல்,
"சூடு பாட்டில தானே, மிஸ்," என்றார்.

எவ்வளவு சரியாய் விழுந்தது
அவர் வாயில் அந்தச் சொல்.