மணற்காட்டில் ஓர் அளவை

சித்திரை வெயில்.
அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி நான்.
"எல்லைக்கல் இங்கினைதான் எங்கயோ" என்றார்
யோகநாயகம்,
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

கல்லை மணல் விழுங்கியிருந்தது.
மணலை அடம்பு மூடியிருந்தது,
ஆட்டுக் குளம்பாய்ப் பிளந்த இலை விரித்து,
கணுவுக்குக் கணு வேர் இறக்கி.

மழை கண்டு நாலு மாதம்.
கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.
இதுக்கு மட்டும் ஆர் தண்ணி வாத்தது?
ஊதா வாய் திறந்து நூறு பூ,
மத்தியானத்துக்குள் சுருளப்போகும்
அவசரம் ஏதுமில்லாமல்.

வலை காயப்போட வந்த றெஜினா அக்கா
கத்தியைக் கண்டுவிட்டு நின்றாள்.
"கொடியை அறுக்காதேங்கோ தம்பி.
உழவு மெசினில மண் அள்ளினவங்கள்
அறுத்த இடத்தைப் போய்ப் பாருங்கோ."

போனேன்.
ஒரு வீடு இறங்கும் பள்ளம்.
விளிம்பில், பிடிக்க மண்ணில்லாத வேர்கள்
காற்றில் ஆடின.
அதில் ஒன்று மட்டும்
புது இலை ஒன்றை முன்னே விட்டு
கீழே இறங்க வழி பார்த்துக்கொண்டிருந்தது.

யோகநாயகம் படத்தில் கோடு கீறிவிட்டார்.
நாடாவை இழுத்தேன்.
கொடியில் சிக்கி வர மறுத்தது.
கத்தியை மடித்து வைத்துவிட்டுக் குந்தினேன்.
அறுக்காமல் எடுக்க
அரை மணித்தியாலம் பிடித்தது.