ஐந்து மணி மரம்

எண் நானூற்றுப் பதினேழு.
மாநகர் மன்றம் அடித்த தகரத் தகட்டை
மரம் மெல்ல மென்றுகொண்டிருக்கிறது.
பட்டைக்கு வெளியே
நாலு மட்டும்தான் மிச்சம்.

ஸ்காட்லாந்து ரோடு, காலை எட்டு.
பர்மிட்டில் இருப்பது ஒரே ஒரு கிளை:
மேற்குப் பக்கம், மின்கம்பிக்கு மேல்,
என் தொடையளவு தடிமன்.
ஒரு சுள்ளி கூடுதலாக விழுந்தாலும்
கீழே அளவுநாடாவோடு
புவான் நோர்ஹஸ்லிண்டா நிற்கிறார்.
மரத்துக்குக் காவல் சட்டம்.
சட்டத்துக்குக் காவல்
ஆரஞ்சு அங்கி போட்ட இந்த ஐந்தடிப் பெண்.

கயிறு எறிய இடம் பார்த்து
வேரடியில் குனிந்தபோதுதான் கண்டேன்.
பட்டை நிறத்திலேயே சாயம் பூசிய
சின்னச் சின்ன வட்டங்கள்.
நகத்தால் சுரண்டினால் வெள்ளைச் சிமெண்டு.
அதற்கு உள்ளே ஈரம்,
மூக்கில் ஏறும் நெடி.

"பதினொன்று," என்றேன்.
"பன்னிரண்டு," என்றார் அவர், மறுபக்கமிருந்து.

எதிர்வீட்டு கேட் பூட்டியே இருந்தது.
மூன்று மாதம் முன்பு அங்கிருந்து ஒரு கடிதம்:
கார்மேல் பறவை எச்சம்,
கூரை வடிகாலில் இலை,
தயவுசெய்து அகற்றவும்.
மன்றம் ஒரே சொல்லில் பதில் போட்டது: இயலாது.
பூட்டிய கேட்மேல் வழக்குப் போட முடியாது
என்று சொல்லிக்கொண்டே
புவான் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது வேறு.
துளைகள் எல்லாம் ஒரே சாய்வு, கீழ்நோக்கி.
ஒரு சாண் இடைவெளி.
ஆழம் வெள்ளையோடு நின்றுவிட்டது,
வைரத்தைத் தொடவில்லை.
வீட்டுக்காரன் என்றால் நடுத்தண்டுவரை குடைந்திருப்பான்.
நீர் எந்த வழியில் ஏறும் என்று
தெரிந்த கை இது.
பத்து மில்லி பிட்.
என் லோரியிலும் ஒன்று கிடக்கிறது.

இந்தத் தீவில் கயிறு கட்டி மரம் ஏறுகிறவர்கள்
ஒரே மேசையில் கோப்பி குடித்துவிடலாம்.
குடித்தும் இருக்கிறோம்.

"யாராக இருக்கும், தவசீலன்?"
மரத்தை அறிந்தவன், என்றேன்.
பேனா நின்றது. என்னைப் பார்த்தார்.
ஒரு பேருந்து போயிற்று.
பிறகு எழுதினார்:
அடையாளம் தெரியாத நபர்.

துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம்.
கியாட் லெங் குழாய் பிடிக்க
மதியம்வரை தண்ணீர் விட்டுக் கழுவினோம்.
பர்மிட்டில் இருந்த கிளையை வெட்டவில்லை.
இன்றைக்கு இன்னொரு காயம் வேண்டாம்
என்று யார் சொன்னது, நினைவில்லை.
இருவருமே சொல்லியிருப்போம்.

விஷம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது?
ஆய்வகம் சொல்ல மூன்று வாரம்.
மரம் சொல்ல ஒரு மாலை.
மலாயில் இதற்குப் பெயர் புக்குல் லீமா, ஐந்து மணி.
நமக்குத் தூங்குமூஞ்சி.
அந்தி வந்தால் இலை கூம்பும்.
கூம்பாத கிளை
விழித்திருக்கிறது என்று பொருளல்ல.

அலுவலகம் ஐந்துக்கு மூடும்.
புவான் கைப்பேசியைப் பையில் போட்டார்,
போகவில்லை.
லோரியின் பின்பலகையில் மூவரும் உட்கார்ந்து
கழுத்து வலிக்க மேலே பார்த்தோம்.
ஐந்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.
நாட்டுக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதை
மரத்துக்கு யாரும் சொல்லவில்லை போல,
என்றான் கியாட் லெங்.

ஆறரைக்கு மேல்தான்
மேற்குக் கிளைகள் முதலில்,
குடை மடக்குவது மாதிரி.
பிறகு வடக்கு. பிறகு உச்சி.
கிழக்கே, கேட்டுக்கு நேராக,
மூன்று கிளை மட்டும்
விரித்தது விரித்தபடி.

புவான் விரல்விட்டு எண்ணினார்.
எட்டு தூங்குகிறது, மூன்று இல்லை,
என்று இருட்டிலேயே எழுதினார்.
நாளை புதுத் தகடு கொண்டுவருகிறேன் என்றார்.
ஆணி வேண்டாம், என்றேன்,
கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம்.

லோரியைக் கிளப்பும்போது
பெட்டிக்குள் அந்த பிட் உருண்டது.
போன மாதம் ஒருவன் இரவல் வாங்கிப் போனது.
கழுவித் துடைத்துத்
திருப்பித் தந்திருந்தான்.
அன்றைக்கு அது எனக்கு
நல்ல பழக்கமாகப் பட்டது.

நடைபாதையில் புவான்
இன்னும் மேலே பார்த்தபடி.

எஞ்சினை அணைத்தேன்.